தோற்றவருக்கு இட்ட வாக்கு



2024 ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலுக்கு முந்திய ஞாயிறன்று, திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒரு மூதாட்டி, திருப்பலி முடிந்தபின் என்னிடம் கேட்ட கேள்வி இது: "சாமி, ஜெயிக்கப் போற ஆளு யாருன்னு சொல்லுங்க. அவருக்கே போட்டுடறேன். தோக்குற ஆளுக்குப் போட்டா ஓட்டு வீணாப் போயிருமே." குருவானவர் அப்படிச் சொல்லலாகாது என்பதை விளக்கி அனுப்பினேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். ஆனால் அவர் கேட்டதில் அறியாமை எதுவும் இல்லை. நம் நாட்டுத் தேர்தல் முறை எழுபது ஆண்டுகளாக மக்களுக்குக் கற்பித்திருக்கும் பாடத்தைத்தான் அவர் ஒப்பித்தார்.

எவர் மற்றவரைவிட ஒரு வாக்கு கூடுதலாகப் பெறுகிறாரோ அவர் உறுப்பினர். ஏனையோருக்கு விழுந்தவை கணக்கில் எழுதப்படும், அவ்வளவே. பந்தயத்தில் கயிற்றை முதலில் தொட்டவனுக்கே முழுப் பரிசும் என்பது போன்ற இம்முறையை ஆங்கிலேயரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டோம். இதை மாற்ற வேண்டுமா என்ற கேள்வி ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும், பெரும்பாலும் தோற்ற கட்சியினரிடமிருந்து, எழுகிறது. வென்றவர்கள் அதே கேள்வியை அடுத்த தோல்வி வரும்வரை மறந்துவிடுகிறார்கள். எனவே எக்கட்சிக்கும் சார்பின்றி, குடும்பமாக அமர்ந்து சிந்திக்கத் தக்க பொருள் இது எனக் கருதுகிறேன்.

முதலில் நம் தேனித் தொகுதியையே எடுத்துக்கொள்வோம். 2019 இல் அ.தி.மு.க. வேட்பாளர் இரவீந்திரநாத் 5,04,813 வாக்குகள் பெற்று வென்றார். காங்கிரசின் ஈ.வெ.கி.ச. இளங்கோவன் 4,28,120 பெற்றார். அ.ம.மு.க. சார்பில் நின்ற தங்க தமிழ்ச்செல்வன் 1,44,050 பெற்றார். பின்னவர் இருவரின் வாக்குகளையும் கூட்டினால் 5,72,170 ஆகிறது. அதாவது, வென்றவரை விரும்பியோரைவிட வேறொருவரை விரும்பியோர் அதிகம். இதில் சட்டக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் அந்த 1,44,050 பேரிடம், "உம்முடைய ஆள் இல்லையென்றால் மற்ற இருவரில் யார்?" என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருப்பார்கள் என்று இன்று எவராலும் சொல்ல முடியாது. ஒரே கட்சியிலிருந்து பிரிந்தவர்கள் ஆதலால் பழைய வீட்டுக்கே திரும்பியிருக்கலாம். பிரிந்த கோபத்தில் எதிர்ப்பக்கம் போயிருக்கவும் கூடும். (மூன்றாமிடம் வந்த அதே வேட்பாளர் 2024 இல் தி.மு.க. சார்பில் நின்று, ஏறத்தாழ பாதி வாக்குகளைப் பெற்று வென்றார் என்பதையும் நினைவில் கொள்க.)

ஆண்டிபட்டியின் கதை இன்னும் பழையது. 1984 இல் எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்தபடியே ஆண்டிபட்டியில் வென்றார். அவர் மறைந்தபின் கட்சி இரண்டாகப் பிளந்தது. 1989 இல் அவருடைய துணைவியார் ஜானகி அம்மையாரே அத்தொகுதியில் நின்றும், பிளந்த வாக்குகளின் நடுவே தி.மு.க. வேட்பாளர் வெற்றி பெற்றார். அத்தேர்தலில் மாநிலம் முழுவதிலும் நூற்றுக்கு 33 வாக்குகள் பெற்ற தி.மு.க. ஏறத்தாழ 150 இடங்களைப் பிடித்து ஆட்சி அமைத்தது. காங்கிரசும் அ.தி.மு.க.வின் இரு பிரிவுகளும் சேர்ந்து பெற்ற வாக்குகள் அதைவிட மிகுதி.

காற்று எப்போதும் ஒரே பக்கம் வீசுவதில்லை. 2014 மக்களவைத் தேர்தலில் நூற்றுக்கு 44 வாக்குகள் பெற்ற அ.தி.மு.க. தமிழகத்தின் 39 இடங்களில் 37 ஐ வென்றது. நூற்றுக்கு 23 க்கு மேல் பெற்ற தி.மு.க.வுக்கு ஓரிடமும் இல்லை. 2024 இல் தி.மு.க. கூட்டணி நூற்றுக்கு 47 வாக்குகளால் 39 இடங்களையும் அள்ளியது; மீதியுள்ள பாதிக்கும் மேற்பட்ட வாக்குகளுக்குத் தமிழகத்திலிருந்து ஓர் உறுப்பினரும் செல்லவில்லை. 2006 சட்டமன்றத் தேர்தலில் விஜயகாந்தின் கட்சி நூற்றுக்கு எட்டுக்கு மேல் பெற்று ஒரே ஓரிடத்தில் வென்றது. 2024 இல் நாம் தமிழர் கட்சி ஏறத்தாழ அதே அளவு பெற்று வெறுங்கையுடன் நின்றது. தமிழகத்துக்கு வெளியேயும் கணக்கு இதுதான். 1952 இல் நேரு அவர்களின் காங்கிரசு நூற்றுக்கு 45 வாக்குகளுக்கு 489 இல் 364 இடங்களைப் பெற்றது. 2014 இல் பாரதிய ஜனதா கட்சி நூற்றுக்கு 31 ஐக் கொண்டு 282 இடங்களைப் பெற்றது.

நம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்று நீரை வயலின் அளவுக்கேற்ப முறைவைத்துப் பாய்ச்சுகிறோம். அதிக நிலம் உள்ளவனுக்கே வாய்க்கால் முழுவதும் என்று எவனாவது சொன்னால் மடையடியில் மண்வெட்டிதான் பேசும். வாக்கிலும் அப்படியே பங்கிடுவோமே என்பதுதான் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வேண்டுவோரின் வாதம். நூற்றுக்கு இருபது வாக்கு பெற்ற கட்சிக்கு நூற்றுக்கு இருபது இடங்கள். கேட்பதற்கு நீதியாகவே இருக்கிறது. ஆயினும் தண்ணீரைப் பகுக்கலாம். ஓர் ஊருக்கு ஒரு நாற்காலிதான் என்றால் அதைப் பகுக்க இயலாது. பகுக்க வேண்டுமாயின் தொகுதிகளைக் கலைத்துப் பெரிய வட்டாரங்களாக்கி, கட்சிகள் தரும் பட்டியலிலிருந்து ஆட்களை எடுக்க வேண்டும். அப்போது என்ன நேரும்? இதைச் செய்து பார்த்த நாடு நமக்கு மிக அருகில் இருக்கிறது. நம் இனத்தவரும் நம் திருச்சபையினரும் வாழும் நாடு அது.

இலங்கையில் 1970 இல் ஐக்கிய தேசியக் கட்சி நூற்றுக்கு 38 வாக்குகள் பெற்று 17 இடங்களில் வென்றது. அதைவிடச் சற்றுக் குறைவாக, 37 பெற்ற சிறிமாவோ அம்மையாரின் சுதந்திரக் கட்சிக்கு 91 இடங்கள் கிடைத்தன. 1977 இல் சக்கரம் சுழன்றது. ஐக்கிய தேசியக் கட்சி நூற்றுக்கு 51 வாக்குகளுக்கு 168 இல் 140 இடங்களைப் பெற்றது. நூற்றுக்கு ஏறத்தாழ 30 பெற்ற சுதந்திரக் கட்சிக்கு எட்டே இடங்கள். வடகிழக்கில் செறிந்து வாழும் தமிழரின் விடுதலைக் கூட்டணி நூற்றுக்கு ஏழுகூடப் பெறாமலே 18 இடங்களை வென்றது; அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். கணக்கிட்டுப் பாருங்கள்: தமிழர் கூட்டணிக்கு ஓர் இடத்துக்குச் சுமார் 23,000 வாக்குகள் போதுமாயின, சுதந்திரக் கட்சிக்கோ ஓர் இடத்துக்கு 2,30,000 க்கு மேல் வேண்டியிருந்தது. ஓரிடத்தில் கூடி வாழும் சிறுபான்மையினருக்கு இம்முறை உதவுகிறது. நாடெங்கும் தூவிக் கிடப்போரை அது நசுக்குகிறது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நம்மைப் பற்றிப் பேசும்போது மீண்டும் வேண்டும்.

அந்தப் பெரும் பெரும்பான்மைகளைக் கொண்டு அங்கே என்ன செய்தார்கள்? 1970 இல் வென்றோர் 1972 இல் புதிய அரசியலமைப்பை இயற்றித் தங்கள் பதவிக் காலத்தை 1977 வரை நீட்டிக்கொண்டனர். 1977 இல் வென்றோர் 1978 இல் இன்னோர் அரசியலமைப்பை இயற்றினர். 1982 டிசம்பரில், பொதுத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு மக்கள் தீர்ப்பை நடத்தி அதே நாடாளுமன்றத்தை 1989 வரை ஓட்டினர். ஜனாதிபதி ஜெயவர்த்தனா தம் உறுப்பினர்களிடம் நாளிடாத ராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். 1983 கலவரத்தின் பின் கொண்டுவந்த ஆறாம் திருத்தத்தால், பிரிவினைக்கு எதிராக உறுதிமொழி எடுக்க மறுத்த தமிழர் கூட்டணியினர் தங்கள் இடங்களை இழந்தனர். வாக்காளரில் பாதிப்பேரின் ஆதரவை ஆறில் ஐந்து பங்கு நாற்காலிகளாகப் பெருக்கித் தரும் முறை, தவறு செய்ய விரும்புவோருக்குத் தடையின்றி வழிவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், முறையை மாற்றியவரும் அதே ஜெயவர்த்தனாதான். 1978 அரசியலமைப்பின்படி மாவட்ட வாரியாக விகிதாசார முறை வந்தது. 1989 இல் முதன்முறையாக அவ்வாறு பொதுத் தேர்தல் நடந்தது. வாக்காளர் கட்சிக்கு ஒரு வாக்கும், அக்கட்சிப் பட்டியலில் தமக்குப் பிடித்த மூவர்வரை விருப்பு வாக்கும் அளிக்கலாம். மொத்தம் 225 பேரில் 196 பேர் மாவட்டங்களிலிருந்தும் 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். சிறு கட்சிகளுக்கு வாசல் திறந்தது உண்மை. அத்துடன் வேறு சில வாசல்களும் திறந்தன. ஒரே கட்சியின் வேட்பாளர்கள் விருப்பு வாக்குக்காகத் தங்களுக்குள் மோதிக்கொண்டனர். ஒரு தொகுதியைச் சுற்றி வந்தவர் ஒரு மாவட்டத்தையே சுற்ற வேண்டியதாயிற்று. அதற்குப் பணம் வேண்டும். பணம் உள்ளவரோ பணம் உள்ளவரின் ஆளோ முன்னுக்கு வந்தார். தேர்தலில் தோற்றவர்களும் தேசியப் பட்டியல் வழியே உள்ளே வந்ததுண்டு. 2020 இல் ஐக்கிய தேசியக் கட்சி நூற்றுக்கு இரண்டே வாக்குகள் பெற்றது. அதற்குக் கிடைத்தது தேசியப் பட்டியலில் ஓரிடம் மட்டும். அந்த ஓரிடத்தில் நாடாளுமன்றத்துக்கு வந்த இரணில் விக்கிரமசிங்க 2022 ஜூலையில் அந்நாட்டின் ஜனாதிபதியானார்!

விகிதாசாரம் பெரும் பெரும்பான்மையைத் தடுத்ததா? அதுவும் இல்லை. 2020 இல் இராசபக்ச கட்சி 145 இடங்களையும், 2024 இல் தேசிய மக்கள் சக்தி 159 இடங்களையும் பெற்றன. யாழ்ப்பாண மாவட்டத்தில் 2024 இல் தமிழ் வாக்குகள் பல கட்சிகளாகவும் சுயேச்சைக் குழுக்களாகவும் சிதறியமையால், நூற்றுக்கு 25 வாக்குகள் பெற்ற தேசிய மக்கள் சக்தி ஆறில் மூன்று இடங்களை எடுத்தது. தம்முள் பிரிந்து நிற்போரை எந்த முறையும் காப்பாற்றாது போலும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடந்து செல்ல மனம் வரவில்லை. இலங்கையின் மலைத்தோட்டத் தமிழர்கள், நம் பாண்டிச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் கப்பலேறியவர்களின் மக்கள், 1947 இல் தங்கள் காங்கிரசின் வழியாக பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1952 தேர்தலில் ஒருவரும் இல்லை. அவர்களின் தலைகள் மட்டும் தொகுதிப் பிரிவினையில் எண்ணப்பட்டு, வாக்கு வேறு மக்களின் கைக்குப் போயிற்று. எந்த வாக்குமுறை சிறந்தது என்று ஆராய்வதற்கு முன், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அறிவுடைமை. அதிகாலையில் ஜீப்பேறிக் கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் அப்பால் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் நம் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி நம்மைப் பற்றி. சில மாதங்களுக்கு முன் நம் இளைஞர் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "ஃபாதர், 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் கிறிஸ்தவர் நூற்றுக்கு ஆறு பேர். விகிதாசார முறை வந்தால் 234 இல் பதினான்கு இடங்கள் நமக்கு வருமே. நாமே ஒரு கட்சி தொடங்கினால் என்ன?" கணக்கு சரிதான். எண்ணத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. இதை நாம் ஒருமுறை வைத்திருந்து, நாமே விட்டுக்கொடுத்தோம் என்பது பலருக்குத் தெரியாது. 1935 ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை மாகாணச் சட்டசபையின் 215 இடங்களில் எட்டு இந்தியக் கிறிஸ்தவருக்கென்றும், மேலும் ஒன்று கிறிஸ்தவப் பெண்ணுக்கென்றும் ஒதுக்கப்பட்டிருந்தன. கிறிஸ்தவரே வாக்களித்துக் கிறிஸ்தவரைத் தேர்ந்தெடுப்பர். அரசியலமைப்பு மன்றம் கூடியபோது அந்த ஏற்பாட்டை இனி வேண்டாமெனச் சொன்னவர்களில் முன்நின்றவர்கள், மன்றத்தின் துணைத் தலைவரான வங்காளக் கிறிஸ்தவர் எச். சி. முகர்ஜியும், சென்னை இலயோலாக் கல்லூரி அதிபராயிருந்த இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசாவும் ஆவர். 1949 மே மாதம் மத அடிப்படையிலான இட ஒதுக்கீடு கைவிடப்பட்டது.

அவர்கள் செய்தது சரியென்றே நான் கருதுகிறேன். இன்று கம்பம் தொகுதியில் நிற்கும் எந்தக் கட்சி வேட்பாளரும் இராயப்பன்பட்டிக்கு வராமல் இருக்க முடியாது. நம் வாசலில் நின்று சாலையையும் குடிநீரையும் பற்றிப் பதில் சொல்லியாக வேண்டும். நமக்கென்று ஒரு பட்டியல் இருந்தால், "அவர்கள் வாக்கு அவர்கள் பெட்டிக்கு" என்று அவர் வண்டியைத் திருப்பிக்கொள்வார். பக்கத்துத் தெருக்காரருக்கும் நமக்கும் இடையில் வாக்குப்பெட்டி ஒரு சுவராகிவிடும். இலங்கைக் கணக்கில் பார்த்தோமல்லவா, தூவிக் கிடப்போரைத் தற்போதைய முறை நசுக்குகிறது என்று? நசுக்குவது தனிக் கட்சியாக நின்றால்தான். அண்டை அயலாருடன் கலந்து நிற்பவனுக்கு அந்த இழப்பு இல்லை.

ஆகவே தொகுதிகளைக் கலைப்பதற்கு நான் உடன்படேன். ஆயினும் மூதாட்டியின் கேள்வி நிற்கிறது. தோற்றவருக்கு இட்ட வாக்கு வீணாகாமல் இருக்க வழியுண்டா?

உண்டு, நம் நாட்டிலேயே நடைமுறையில் இருக்கிறது. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் வேட்பாளர்களுக்கு எதிரே 1, 2, 3 என எண்ணிடுகிறார்கள். எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய வாக்குச் சீட்டுகளில் அடுத்த எண் யாருக்கு உள்ளதோ அவருக்கு அவற்றைச் சேர்க்கிறார்கள். 1969 இல் வி. வி. கிரி முதல் எண்ணிக்கையில் பாதியை எட்டவில்லை. இரண்டாம் விருப்பங்களைச் சேர்த்தபின் 4,20,077 க்கு 4,05,427 என்ற மதிப்பில் சஞ்சீவ ரெட்டியை வென்றார். இலங்கையிலும் 2024 ஜனாதிபதித் தேர்தலில் முதன்முறையாக இரண்டாம் விருப்பங்களை எண்ண நேர்ந்தது. முதல் எண்ணிக்கையில் நூற்றுக்கு 42 பெற்றிருந்த அனுர குமார திசாநாயக்க அதன்பின் வெற்றி பெற்றவராக அறிவிக்கப்பட்டார். நம் பிரதிநிதிகளுக்கு இருக்கும் இவ்வுரிமை அவர்களைத் தேர்ந்தெடுக்கும் நமக்கு இல்லை என்பது வியப்பன்றோ?

திருச்சபைக்கும் இவ்விஷயத்தில் அனுபவம் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரே நேரத்தில் இருவர் தம்மைத் திருத்தந்தை எனக் கூறிக்கொண்ட குழப்பத்தின் பின், 1179 இல் கூடிய மூன்றாம் இலாத்தரான் பொதுச்சங்கம், கர்தினால்மாரில் மூன்றில் இரு பங்கினர் ஒப்பினால்தான் தேர்தல் செல்லும் என்று விதித்தது. 2025 மே மாதம் திருத்தந்தை பதினான்காம் லியோ நான்காம் வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கப்பட்டார். கர்தினால்மார் ஓர் அறையில் இருப்பதால் மீண்டும் மீண்டும் வாக்களிக்கலாம். தேனித் தொகுதியின் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை நான்கு முறை சாவடிக்கு அழைக்க முடியாது. எண்ணிட்டு வாக்களிப்பது அந்த நான்கு முறையையும் ஒரே நாளில் முடித்துவிடுகிறது.

மறுப்புகளும் உண்டு. 1949 ஜனவரியில் அரசியலமைப்பு மன்றத்தில் காசி சையது கரீமுதீன் விகிதாசார முறையைக் கோரியபோது, மக்களிடம் எழுத்தறிவு இல்லை, நிலையான ஆட்சியும் அமையாது என்று டாக்டர் அம்பேத்கர் மறுத்தார். இரண்டாவது காரணம் இன்றும் எடை உள்ளது. தொகுதியில் எண்ணிடும் முறைக்கோ அது அவ்வளவாகப் பொருந்தாது. முதற்காரணம் தேய்ந்துவிட்டது: 1951 கணக்கெடுப்பில் நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு 18 பேர், 2011 இல் தமிழகத்தில் 80 பேர். வாக்குப் பொறியை மாற்ற வேண்டும், எண்ணுவதற்கு நேரமாகும் என்பர். ஆகட்டும், தேர்தல் முடிந்து எண்ணுவதற்கு வாரக்கணக்கில் காத்திருக்கப் பழகியவர்கள் நாம்.

இம்முறையால் நூற்றுக்கு எட்டு பெறும் கட்சிக்கு இடம் கிடைத்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு, சட்ட ஆணையம் 1999 இல் தன் 170 ஆம் அறிக்கையில் கூறியபடி, இப்போதுள்ள தொகுதிகளை வைத்துக்கொண்டு மேலும் 138 இடங்களைக் கட்சிப் பட்டியல் வழியாக நிரப்பலாம். நூற்றுக்கு ஐந்துக்குக் குறைந்த கட்சிக்கு இடமில்லை என்ற வரம்பையும் ஆணையம் கூறியது. இங்கே தமிழர் விழித்திருக்க வேண்டும். 2024 இல் நாட்டின் 97 கோடி வாக்காளரில் தமிழகத்தார் ஆறு கோடிக்குச் சற்று மேல். அந்த ஐந்தை நாடு முழுவதற்குமாக எண்ணினால், தமிழகத்தில் மட்டும் இயங்கும் கட்சி எதுவும் தேறாது. மாநிலம் தோறும் எண்ணினால்தான் நியாயம். பட்டியலில் யார் பெயர் என்பதைத் தலைமை மட்டும் முடிவு செய்தால் இலங்கையில் நடந்ததே இங்கும் நடக்கும்.

ஆதலால் முதலில் எண்ணிடும் முறை. அதை உள்ளாட்சித் தேர்தல்களில் சோதித்து, பின்பு மேலே கொண்டு செல்லலாம். பட்டியல் இடங்களைப் பற்றி அதன் பின்னர் நிதானமாகப் பேசலாம். புதிய ஏற்பாடு முழுமையாக ஆயத்தமாகும்வரை பழைய சட்டத்தை எடுத்துவிடக் கூடாது. இதிலும் இலங்கையின் அனுபவம் கசப்பானது. 2017 இல் மாகாண சபைத் தேர்தலுக்குக் கலப்பு முறையைக் கொண்டுவரச் சட்டத்தைத் திருத்தினார்கள். தொகுதிகளைப் பிரித்த அறிக்கையை 2018 இல் நாடாளுமன்றம் நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. 2013 செப்டம்பரில் வாக்களித்துத் தங்கள் சபையை அமைத்த வடக்கு மாகாண மக்கள், 2018 இல் அதன் காலம் முடிந்தபின், ஆளுநரின் நிர்வாகத்தின்கீழ் ஆண்டுக்கணக்கில் அடுத்த வாக்குக்காகக் காத்திருந்தனர்.